இரண்டு பேரில் இரண்டாவது

நேற்று மகளின் தேர்ச்சி அறிக்கை வந்தது. ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பில் மாணவர் தொகை நாற்பத்திரண்டு, அவளுடைய நிலை பதினேழு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள், என்ன நினைத்தேனோ, அட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். "என்னாம்மா பண்றீங்க?" என்றாள் மகள். கணினியில் அடித்த தாளில் ஒரு வாடையும் இல்லை. எங்கள் காலத்து ரிப்போட்டில் ரோனியோ அச்சு யந்திரத்து மை மணக்கும். முகத்துக்கு நேரே பிடித்தால் லேசாகத் தலை சுற்றும். என் தலை நான் வாங்கிய புள்ளிகளைப் பார்த்துச் சுற்றியதாகவும் இருக்கலாம்.

நான் படித்தது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். ஒன்பதாம் வகுப்பு வரைதான். நீளமாக ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவருக்குப் பதில் அலுமாரி. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அது எங்கள் வரலாற்றுப் பாடத்துக்குள் வந்து விழும். ஆறாம் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். பிறகு இரண்டு பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். ஒரு குடும்பம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டது. ஒருத்தி பெரிய மனுஷியானதோடு நின்றாள். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் பிள்ளைகளை டவுனுக்கு மாற்றினார்கள். ஒன்பதுக்கு வந்து சேர்ந்தது நானும் புஷ்பராணியும் மட்டும்.

அதிபரை நாங்கள் பெரிய சேர் என்போம். கணக்குப் பாடமும் அவர்தான். வருஷா வருஷம் மேலிடத்துக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்புவார். பிள்ளையின் மதம், தகப்பன் தொழில், தாய் தொழில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஏகப்பட்ட கட்டங்கள். முதல் வரியில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'மேற்படி, மேற்படி' என்று இறங்கிக்கொண்டே போவார். புஷ்பராணியின் அம்மாவுக்கு மட்டும் 'வெளிநாடு' என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. எனக்கு அதில்கூடப் பொறாமை. அந்த அம்மா இல்லாத வீட்டில் அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு சமைத்ததெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

உண்மையான பொறாமை ரிப்போட்டில் இருந்தது. எப்போதும் அவள் முதலாவது, நான் இரண்டாவது. கடைசி என்றும் சொல்லலாம், சேர் சொல்லமாட்டார். அப்பாவோ, "எம்புள்ள ரெண்டாவதா வந்திருக்கா" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். எத்தனை பேரில் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவளை முந்திவிட வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் தவணை விடுமுறையில் அவளுடைய சித்தி வந்து, தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, புஷ்பராணியைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பஸ் ஏறும்போது, "தீவாளிக்கு வந்துருவேன். எனக்கும் சேத்து நோட்ஸ் எழுதி வையி, என்னா?" என்றாள். நானும் இரண்டு கொப்பியில் எழுதினேன். தீபாவளி வந்தது, அவள் வரவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தை விட்டுவிட்டு ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் சந்தேகம் கேட்டால் வகுப்பே சந்தேகம் கேட்டதாகிவிடும், நான் இருமினால் வகுப்பே இருமும். இப்போது சொன்னால் வேடிக்கைதான். அப்போது இடைவேளையில் அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒருநாள் பெரிய சேர் கூப்பிட்டார். "ஒத்தப் புள்ளைக்கு வகுப்பு நடத்த முடியாதுன்னு மேலிடத்துல எழுதிருவாங்க. மூடிட்டா நீ எங்க போவ?"

எங்கும் போக முடியாது. பஸ் ரோட்டுக்கே நாலு மைல். "வயசுக்கு வந்த புள்ளய அம்புட்டு தூரம் தனியா அனுப்பமாட்டேன். வீட்டுல இருந்து தங்கச்சியப் பாக்கட்டும்" என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே புஷ்பராணியின் பெயரை சேர் வெட்டவில்லை. காலையில் வரவு இடாப்பைத் திறந்து அவள் பெயரையும் கூப்பிடுவார். பிறகு வந்ததாகக் குறித்துக்கொள்வார்.

மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள் கொடுத்தார். "அவளுக்கும் நீயே எழுதிரு. அவ புள்ளி திடீர்னு விழுந்தா கேள்வி வரும், பாத்து எழுது."

காலையில் நான், மத்தியானம் அவள். அவள் எழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்த்து எழுதினேன். காலையில் ஒரு கேத்திரகணிதக் கணக்கில் தடுக்கி விழுந்திருந்தேன். மத்தியானம், அவள் என்றால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். படத்தைப் பக்கம் நிறையப் பெரிதாக வரைவாள். வரைந்தேன், விடை வந்துவிட்டது. என் தாள் மேசை மேலேயே கிடந்தது, எடுத்துத் திருத்தியிருக்கலாம். கை போகவில்லை.

அவள் முதலாவது, நான் இரண்டாவது.

சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ஏன் புள்ள, இத ஒன் பேப்பர்லயும் போட்டிருக்கலாமே?"

"அது அவ போட்ட கணக்கு சேர்" என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வருஷம் முடிகிறவரை வகுப்பு தப்பியது. அதற்குள் டிக்கோயாவிலிருந்த அத்தை என்னைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி அம்மாவைச் சம்மதிக்கவைத்தார், அவர் வீட்டில் தங்கிப் பத்தாம் வகுப்புக்குப் போனேன். புறப்படும்போது சேர் இரண்டு ரிப்போட்டையும் என்னிடமே தந்து, "அவ வந்தா குடுத்துரு" என்றார். லீவில் போகும்போதெல்லாம் விசாரித்தேன். அவர்களுடைய காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. விலாசம் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பை எங்களுக்குப் பிறகு நிறுத்தினார்கள். அப்புறம் எட்டு, ஏழு என்று கீழிருந்த வகுப்புகளும் போயின. இன்று அந்த மண்டபத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். போன மாசம் கதவருகே நின்று பார்த்தேன், உள்ளே அமோனியா நெடி. அலுமாரியும் இல்லை, பெஞ்சும் இல்லை.

மகளின் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பதினேழு என்று திட்டு விழவில்லை என்ற தைரியத்தில் அவள் கேட்டாள், "நீங்க ஒம்பதுல எத்தனாவதும்மா?"

"ரெண்டாவது."

கண்ணை அகல விரித்தாள். "எத்தன பேர்ல?"

அப்பாவிடம் யாருமே கேட்காத கேள்வி. "ரெண்டு பேர்ல" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். புஷ்பராணியின் ரிப்போட் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, பெற்றோர் கையொப்பம் போடாமல். அந்தப் பரீட்சையை எழுதியது ஒருத்திதான் என்று மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.