எந்நேரமும் தோட்டத்தில்

2004 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம். ஒஸ்லோவில், பல்கலைக்கழக வாசிப்பறைக்கு வெளியே வந்து அம்மாவின் அழைப்பை எடுத்தேன்.

"கொப்பருக்கு டாக்பெங்கர் இல்லையாம். கடிதம் வந்து கனநாள். மேசை லாச்சிக்குள்ளை ஒளிச்சு வச்சிருந்திருக்கிறார். மேன்முறையீட்டுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள்."

அப்பா வேலை செய்த மர ஆலை தை மாதம் மூடப்பட்டிருந்தது. வேலையிழந்தோருக்கான அந்தக் கொடுப்பனவு கிடைக்காவிட்டால், நகருக்கு வெளியே வீட்டோடு வாங்கிய சிறு நிலத்தை விற்க வேண்டியிருக்கும். மறுப்புக்கான காரணத்தை அம்மா சொல் சொல்லாக வாசித்தார்: விண்ணப்பதாரர் எப்போதும் தமது நிலத்திலேயே வேலை செய்வதால், அவரை வேலை தேடுபவராகக் கொள்ள முடியாது.

அந்த 'எப்போதும்' என்னுடையது. படிவத்தை நிரப்பியவள் நான். நிலத்தில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்ற கேள்விக்கு அப்பா, "எந்நேரமும் தோட்டத்திலைதான்" என்றார். நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் நோர்வேஜிய மொழியில் எழுதினேன். அதுவே நேர்மை என்று நம்பியிருந்தேன்.

ஐந்து மணி ரயிலில் அம்மா அப்பா இருக்கும் ஊருக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன்.

"அப்பா, போன கிழமை தோட்டத்திலை என்ன செய்தனீங்கள்?"

"போய்ப் பாத்தனான்."

"முழங்கால் அளவு பனிக்குள்ளை என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"லீக்ஸை எங்கை நடுறதெண்டு யோசிச்சனான்."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "யோசினைதான் எந்நேரமும். மண்வெட்டி ஐப்பசியிலை இருந்து கொட்டிலுக்குள்ளை நித்திரை."

அப்பா சிரிக்கவில்லை. "கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு எழுதினால் என்னைத் தோட்டக்காரன் எண்டு ஆர் சொல்லுவினம்? லீக்ஸ் தானாய் முளைச்சதெண்டு நினைப்பாங்கள்."

"நினைக்கட்டும். வேலை தேடுற ஆள் எண்டு நம்பினால் காணும்."

அவர் கதிரையை மேசையருகே இழுத்துப்போட்டார். பிறகு தோட்டத்தில் எத்தனை மணித்தியாலம் என்று மாதம் மாதமாகச் சொல்லத் தொடங்கினார். ஆலை வேலை இருந்த ஆண்டுகளிலும் நிலத்துக்குச் சில மாலைகளும் சனிக்கிழமைகளும்தான். வேலை போனபின் ஒரு மணித்தியாலமும் கூடவில்லை. அப்படியானால் தோட்டம் இன்னொரு வேலைக்குத் தடையில்லை; எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, முதற் படிவத்திலிருந்த 'எப்போதும்' என்ற சொல் மணிக்கணக்கைக் குறிப்பதல்ல, தமிழில் ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்லும் முறை, அதை அப்படியே பெயர்த்த தவறு மகளான என்னுடையது என்றும் சேர்த்தேன். அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"நான் சொன்னதைத்தானே பிள்ளை எழுதினனீ?"

"ஓம் அப்பா. அதுதான் பிழை."

அவர் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை, வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்தபோது நான் வாசலில் நின்றேன். மேன்முறையீட்டைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம் என்றார் முகப்பிலிருந்த பெண். இன்று கடைசி நாள் என்று சொல்லி, என் பிரதியிலும் திகதி முத்திரை விழும்வரை அந்த மேசையை விட்டு நான் நகரவில்லை.