லகுகலையில் போன பைன் விதை

காலை 10.20. சியம்பலாண்டுவையில் பஸ்ஸைத் தவறவிட்டு, பொத்துவிலுக்கு ஓட்டோ பிடித்தேன். முப்பத்தைந்து கிலோமீற்றர், நாலாயிரம் ரூபாய். ஓட்டியவர் ஜலால், பொத்துவில்காரர். என் கைக்கொன்றாக இரண்டு சொப்பிங் பேக், நிறையப் பைன் விதை.

விதை என் தங்கை மகள் ஸஹ்லாவின் ஆய்வுக்கு. பைன் மரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல நிற்கும். விதை எண்ணெயில் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று அளந்தால் வகை பிரிக்கலாம் என்பாள். மலைநாட்டில் பண்டாரவளைத் தோப்பும் வெலிமடைத் தோப்பும் சென்ற வருடம் வெவ்வேறாகக் காட்டின. இவ்வருடமும் அப்படிக் காட்டினால்தான் அவள் ஆய்வேடு நிற்கும். பெயர் எழுதிய துணிப்பைகள் மழையில் நனைந்ததால், புத்திசாலியான நான் விதையைப் பெயரில்லாத இந்தப் பேக்குகளுக்கு மாற்றியிருந்தேன். வலது கை வெலிமடை, இடது கை பண்டாரவளை. மனப்பாடம்.

11.05. லகுகலைக் காடு. நடுவீதியில் ஒற்றை யானை. பின்னால் லொறி.

"போறவாற ஆக்கள் பழம் குடுத்துப் பழக்கிட்டாங்க காக்கா. பேக்கைக் கண்டா விடமாட்டார்" என்றார் ஜலால், என்னை அண்ணன் முறையாக்கி.

"இது பழமில்ல தம்பி."

"அத அவருக்கிட்டச் சொல்லுங்க."

தும்பிக்கை உள்ளே வந்தது. ஐம்பத்திரண்டு வயதுக் கால்கள் இரண்டும் தாமாகவே இருக்கையில் ஏறிக்கொண்டன. வாய் எதையோ ஓதியது.

"காக்கா, அது சாப்பிடக்குள்ள ஓதுற துஆ."

ஒரு பை பறந்தது. யானை அதை மிதித்து, முகர்ந்து, விதையை மண்ணோடு பரத்தியது. அந்த இடைவெளியில் ஜலால் ஓட்டோவை நுழைத்துவிட்டார்.

"எந்தக் கையால எறிஞ்சன் தம்பி?"

"நான் ஆனையப் பார்த்தனா, உங்கட கையப் பார்த்தனா?"

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் ஒரு கெட்ட யோசனை: மிச்சத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பெயரும் எழுதினால் என்ன? இரண்டு பையும் ஒரே எண்ணெயைக் காட்டும். அவள் தன் ஆய்வே பிழை என்று கிழித்துப் போடுவாள். அதை நினைத்ததும் யானை சிறுத்துப்போனது.

பிற்பகல் 2.40. கல்முனைக்குடி. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஸஹ்லா ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மிச்சம் எந்தத் தோப்பு மாமா?"

"தெரியா மகள்."

"எண்ணெய எடுத்தா அது சொல்லும். போன வருசத்தோட ஒத்துப் பார்க்கிறன். மத்தத் தோப்புக்கு நீங்கதான் திரும்பப் போகணும்."

"நானா?"

"ஓம். காய் வெடிச்சு விதை பறக்க முந்தி."

மூன்று நாளாக, ஒரு சொட்டு எண்ணெய் என்னை எங்கே அனுப்பப்போகிறது என்று காத்திருக்கிறேன். எந்தத் தோப்பானாலும் லகுகலை யானை வேண்டாம், மகாஓயாப் பக்கத்தால் சுற்றிப் போகலாம் என்று பஸ் நிலையத்தில் விசாரித்தேன்.

அங்கே சோடியாக நிற்கிறார்களாம்.