அக்கா மொழிபெயர்த்த கேள்வி

பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கிரிப்டோ நாணயங்களையும், அவற்றுக்கு அடித்தளமான பிளாக்செயின் தொழில்நுட்பத்தையும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அதைப்பற்றிக் கேட்டதில்லை. அம்மா கேட்டால் பேங்க் சம்பந்தமான படிப்பு என்று சொல்லி முடித்துவிடுவேன். அதனால், விடுமுறைக்கு வந்த அன்று சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிக்கிற காயின்ல நானும் சேந்துட்டேன் பாப்பா" என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவள் முகம் மலர்ந்திருந்தது. என் பையில் ஒன்றை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே லயத்துக்கு ஏறும் பாதையில் எதிர்ப்பட்ட பெண்களும் அதையே விசாரித்தார்கள். இன்னும் போடலாமா, இப்போதே நிறுத்திக்கொள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். அக்காவும் அதில் சேர்ந்திருக்கிறாள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

எங்கள் தோட்டம் கேகாலையிலிருந்து அரநாயக்கவுக்குப் போகிற பக்கம். என்னைவிடப் பல வயது மூத்த அக்கா அங்கே ரப்பர் பால் வெட்டுகிறாள். மாதர் சங்கத் தலைவியும் அவள்தான். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும், பிறப்புச் சான்றிதழுக்கு அரசாங்கக் கந்தோருக்குப் போவதானாலும் பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சிங்களம் எல்லோரும் பேசுவோம். ஆனால் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களிடம் தலை குனியாமல் பேச அக்காவால்தான் முடியும்.

அவள் வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். காயின் வாங்குகிற அந்த ஆப், பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியது இல்லை, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க் வழியாக வந்தது. திறந்தால் ஒரு பச்சைக் கோடு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. உண்மையான நாணயம் எதுவும் அப்படி ஒரு தடவைகூடச் சறுக்காமல் ஏறுவதில்லை.

"இது எந்த பிளாக்செயின்ல ஓடுதுக்கா?"

"அதெல்லாம் சேருக்குத்தான் தெரியும். காசு ஏறுதுல்ல?"

சேர் என்று அவள் சொன்னது கேகாலை டவுனிலிருந்து வந்து பெண்களைச் சேர்த்துவிட்ட ஆளை. வெளியே எடுத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். முதல் மாதம் எடுத்தாளாம், வந்ததாம். அதை வைத்துத்தான் மற்றவர்களைச் சேர்த்தாளாம். அது மற்றவர்கள் போட்ட காசாக இருக்கும் என்று நான் சொன்னதும் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சேர் மட்டும் சொல்லியிருந்தா ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டா. என் தங்கச்சி கெம்பஸ்ல இதத்தான் படிக்குதுன்னு நான் சொன்னேன். அதுலதான் நம்புனாங்க."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தியிருந்தாள். காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

அந்த நாணயத்தின் பெயரை எனக்குத் தெரிந்த இடமெல்லாம் தேடினேன். பிளாக்செயின் என்பதன் அடிப்படையே அதை யாரும் பார்க்கலாம் என்பதுதான். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவது எல்லாம் உலகெங்கும் உள்ள எண்ணற்ற கணினிகளில் ஒரே மாதிரிப் பதிவாகும். ஒரு நாணயம் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு முகவரி இருக்கும், அது கைமாறிய தடம் இருக்கும். இதற்கு எதுவுமே இல்லை. அந்த ஆப்புக்கு உள்ளே ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண்ணை எவனோ ஒருவன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

இதை அக்காவிடம் சொல்ல முயன்றபோதெல்லாம் அவள் எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை சேர் வருவதாகவும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் என்றும், என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார் என்றும் அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். பேசினால் உள்ளதைத்தான் பேசுவேன் என்று நானும் அம்மா மூலமாகவே பதில் சொன்னேன். ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, நாங்கள் பேசாமல் இருந்தோம். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

ஞாயிறு காலையில் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். தோட்டத்துப் பெண்களோடு, கீழே கிராமத்திலிருந்து சில சிங்களப் பெண்களும் வந்திருந்தார்கள். சேர் இளவயதுக்காரன். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான குரல். தன்னைவிட மூத்த அக்காவை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிட்டான். அவன் சிங்களத்தில் முதலீடு, சந்தை, தொழில்நுட்பம் என்று பேசப் பேச, அக்கா மைக்கை வாங்கித் தமிழில் சொன்னாள். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேசும் சிங்களத்துக்கு அப்பாற்பட்ட சொற்கள் அவை.

பிறகு அவன் என்னைக் காட்டி, பல்கலைக்கழகமே இதைப் படிப்பிக்கிறது, இந்தத் தங்கையையே கேளுங்கள் என்றான். பெண்கள் கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.  சிங்களத்திலேயே அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று தமிழில் கேட்டேன். படிப்புக்காக நாணயங்களை வாங்கி வைக்கிற ஒரு வாலட் என் போனில் வைத்திருக்கிறேன், அதற்கு இந்த நாணயத்தில் ஒரு சிறு துண்டு இப்போதே அனுப்பிக் காட்டட்டும் என்றேன்.

அக்கா மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, வெளியே அனுப்புகிற வசதி எப்போது வரும் என்று தங்கச்சி கேட்கிறாள் என்றாள்.

"நான் அப்படிக் கேக்கலக்கா," என்றேன்.

   அத்தனை பேர் முன்னால் அவளை நான் பொய்க்காரியாக்கிவிட்டேன். இனி வீட்டுக்குள் எப்படி நுழைவது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் மறுபடி திரும்பி, இந்தத் தடவை நான் கேட்டதை அப்படியே கேட்டாள்.

அவன் சிரித்தான். சிஸ்டத்தைப் புதுப்பிக்கிறார்கள், இப்போது முடியாது என்றான். அக்கா அதைத் தமிழில் சொன்னாள். அப்படியானால் அக்கா வாங்கிய நாணயம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று காட்டட்டும், அதற்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை, யாரும் பார்க்கலாம் என்றேன். அக்கா அதையும் கேட்டாள். அவன் சிரிப்பதை நிறுத்தினான். ஒரு கையால் மைக்கை மூடிக்கொண்டு, அக்காவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்டிருக்காது.

 அன்று சந்தியில் என் கையைப் பிடித்த பெண் முன்வரிசையிலிருந்து, "என்னா புள்ள சொல்றாரு?" என்று கேட்டாள்.

அக்கா அவன் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டாள். "தங்கச்சிய உக்காரச் சொல்லுன்னு சொல்றாரு. அவ வாயத் தொறந்தா இங்க உள்ளவங்களுக்கு ஒன்னும் கெடைக்காதாம். எனக்கு மட்டும் நான் போட்டத எடுத்துத் தருவாராம்." கொஞ்சம் நிறுத்தி, "நான் கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல" என்றாள். அதையே சிங்களத்திலும் கிராமத்துப் பெண்களுக்குச் சொன்னாள்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அவன் வாகனத்தை நோக்கி நடந்தான். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள், யாரோ சட்டையைப் பிடித்தார்கள். அக்கா நடுவில் புகுந்து கையை விலக்கினாள். அவன் மேல் அடி விழுந்தால் குற்றம் நம் மேல் வந்துவிடும் என்று கத்தினாள். அவனையும் வாகனத்தின் நம்பரையும் படம் எடுக்கச் சொன்னாள். நாளைக்கு எல்லாம் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே அவன் கதவைச் சாத்தினான்.

அதற்கப்புறம் யாராலும் எதையும் வெளியே எடுக்க முடியவில்லை. சில நாளில் அந்த ஆப் திறக்கவே இல்லை. அவன் போன் அணைந்திருந்தது. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட அவன் இல்லாததால் அது எங்கள் வாசலுக்கு வந்தது. பெண்கள் அக்காவைப் பேர் சொல்லித் திட்டினார்கள். பக்கத்து லயத்துப் பெண் திட்டவில்லை. மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டிருந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னம் கொஞ்ச நாள்ல எடுத்திருப்பேன் பாப்பா" என்றாள். எடுத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். 

அக்கா வீட்டுக்குள் முடங்கிவிடுவாள் என்று பயந்தேன். அவள் அடுத்த நாளே பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, வெளியே உடுத்தும் சேலையைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினாள். போலீஸுக்குப் போகிறேன், கூட வருகிறவர்கள் வாருங்கள் என்றாள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் வந்தார்கள். கிராமத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேகாலைக்குப் போனோம். முறைப்பாட்டை எடுத்த அதிகாரிக்கு இது என்ன நாணயம் என்றே புரியவில்லை. நான் விளக்கினேன். அக்கா தன் பெயரை முதலில் சொன்னாள். மற்றவர்களைச் சேர்த்துவிட்டது தான்தான் என்பதையும் அவளே சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று வெளியே வந்ததும் சொன்னேன். "வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னால நானே சொல்றது நல்லது" என்றாள். நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டது அன்றுதான்.

அந்த ஆளை வேறொரு ஊரில் பிடித்தார்கள். இதே வேலையை அங்கேயும் செய்திருந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. போட்டது யாருக்கும் திரும்பி வரவில்லை. அதில் போட அடகு வைத்த அம்மாவின் தோடும் மீளவில்லை. சங்கத்துக்கு வேறு தலைவி வந்துவிட்டாள். ஆனாலும் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் அக்காவைத்தான் எழுப்புகிறார்கள்.

நான் ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வுக்கான நேர்முகத்தில் பரீட்சகர் ஒருவர், இந்தத் தொழில்நுட்பத்தால் நம்முடைய சாதாரண மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டார். பயன் இருக்கிறது என்றுதான் பதில் சொன்னேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றியெல்லாம் விளக்கினேன். சொல்லும்போது என் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வழக்குத் தவணை வரும்போதெல்லாம் அக்கா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போகிறாள். பக்கத்து லயத்துப் பெண்ணும் போகிறாள். வேறு சீட்டில்தான் உட்காருவாள். எங்களோடு பேசுவதில்லை. போன தவணைக்கு நானும் போயிருந்தேன். நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்து, சிங்களத்தில் கேட்ட கேள்வி பிடிபடாமல் சுற்றிலும் பார்த்தாள். அக்கா போய் அவள் பக்கத்தில் நின்றாள்.