விலைபோன பக்கத்தில் நைனாவின் பெயர்

ஏரியில் எந்த இடத்தில் இன்று யார் வலை போடலாம் என்பதைப் பழவேற்காட்டுப் பக்கம் முறைவைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பாடு. அந்த முறையைக் கணக்கிட்டுக் காட்டும் சின்ன இணையப் பக்கம் ஒன்றை எழுதி, எங்கள் வெப் டெவலப்பர் குழுவில் சும்மாதான் பகிர்ந்திருந்தேன். எந்த ஊருக்காவது உதவட்டுமே என்று.

இன்று பொன்னேரி பஸ்ஸில் பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவர் போனை நீட்டினார். அதே பக்கம். நிறம் மட்டும் வேறு. அடியில் என் பெயர் இருந்த வரியைக் காணோம்.

"காசு குடுத்து வாங்கினோம் தம்பி. இதுல கோதண்டம்னு ஒரு பேரு வருது. எங்க ஊர்ல அப்டி யாருமே இல்ல. இன்னான்னு பாரேன்."

பக்கம் சரியாக ஓடுகிறதா என்று சரிபார்ப்பதற்காக நான் போட்டுவைத்த பெயர் அது. என் பெயரைத் தேடி எடுத்துவிட்டு விற்றவர் இதை விட்டுவிட்டார்.

"அந்தப் பேரு வர்ற அன்னிக்கு இன்னா பண்றீங்கண்ணே?"

"அடுத்தவன் பாட்டுல நாம எப்டி வலை போடறது? அந்த எடம் சும்மாதான் கெடக்கும்."

"அது எங்க நைனா பேருண்ணே. தவறிட்டாரு."

 அவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பேர எடுக்க வேணாம். இருக்கட்டும்."



நம் குழுவிலிருந்து எடுத்து விற்ற நண்பரும் இதைப் படிப்பார். முகம் தெரியாத ஒருவருக்காக அவர்கள் ஏரியில் ஓர் இடத்தையே விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வரி விட உங்களுக்கு மனம் வரவில்லையா நண்பரே?