பேனர் குழியில் முருங்கை

சாவித்திரிக்குக் கோபம் வந்தால் அம்பத்தூரில் அவள் தெருவே வாயை மூடிக்கொள்ளும். அன்று வந்த கோபத்தில் நியாயமும் இருந்தது. பாடியில் கம்பெனி கேன்டீன் வேலையை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்து பார்த்தால், வாசல் முருங்கை மரம் தரையில் கிடக்கிறது.

வெட்டச் சொன்னவன் லோகநாதன், ஆடித் திருவிழா கமிட்டித் தலைவன். விடிந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். அவன் கைகூப்பி நிற்கிற இருபதடி பேனரை மரம் மறைக்கிறதாம். கம்பம் நட இரண்டு குழியும் தோண்டியாயிற்று.

பன்னிரண்டு வருடமாக அந்த மரம்தான் அவளுக்குக் காய்கறிக் கடை. சாம்பாருக்குக் காய், முட்டையோடு பொரிக்கப் பூ, நெய் உருக்கும்போது போட ஒரு கொத்து இலை. இப்போது மகள் காவ்யாவுக்கு ஆறாம் மாதம், உடம்பில் ரத்த அளவு எட்டுதான். மாத்திரையும் விடக்கூடாது, கீரையும் தினம் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் கண்டித்து அனுப்பியிருந்தாள். பத்து நாளாகத்தான் பெண் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. அதற்குள் இந்தப் பாவி மரத்தைச் சாய்த்துவிட்டான்.

"இன்னாய்யா, கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினியா?"

"தெரு எடத்துலதான கீது? முருங்கைதான, திரும்பி வந்துடும்" என்றான் குழியருகே நின்ற லோகநாதன்.

முருங்கைதானாம்! சாவித்திரிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கிளை கிளையாக இழுத்து வந்து, பொழுது சாய்வதற்குள் அத்தனை இலையையும் உருவினாள். அன்றாடச் சமையலுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் காயவைத்துப் பொடியாக்கப் பழைய புடவையில் வீட்டுக்குள்ளேயே பரப்பினாள்.

மறுநாள் காலை லோகநாதன் காலி அன்னக்கூடையோடு வந்து நின்றான். கூழோடு அம்மனுக்கு முருங்கைக்கீரை படைத்தாக வேண்டும். வருடா வருடம் அது இவள் மரத்திலிருந்துதான் போகும். வெட்டும்போது கமிட்டியில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை.

"போய் உன் பேனர்ல பறிச்சிக்கோ" என்றாள் சாவித்திரி.

"சாமி குத்தம் ஆயிடும், சாவித்திரி."

"நேத்தே ஆயிடுச்சுய்யா."

உள்ளே போய் ஒரு பிடி இலையைக் கொண்டு வந்து அவ்வளவு பெரிய கூடையில் போட்டாள். "இது அம்மனுக்கு. மிச்சமெல்லாம் எம் பொண்ணுக்கு. ஊருக்கு வேணும்னா மார்க்கெட்டுக்குப் போ."

முனகிக்கொண்டே திரும்பியவன் அப்போதுதான் குழிகளைப் பார்த்தான். இரண்டிலும் கை கனத்துக்கு முருங்கைக் கிளை நட்டு, மண் மிதித்து, வெட்டிய நுனியில் சாண உருண்டை அப்பியிருந்தது. பேனர் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த ஆட்கள் விழித்தார்கள்.

"இன்னா வேல இது? பேனரை எங்க வெக்கிறது?" என்று கத்தினான் லோகநாதன்.

சாவித்திரி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பி வந்துடும்னு நீதான சொன்ன? வந்துகினு கீது. அப்பால ஒத்திப் போ."