ஒரு முழம் குறைந்த சேலைகள்

பழநிப் பாதையைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதியதும், அதே ரயிலில் திண்டுக்கல் வரை போய் நெசவு ஊர்களையும் பார்த்து வரலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் முதலில் போனது 1963 ஆவணியில். ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு புகாரை விசாரிக்கப் போனேன். சந்தோஷமான பயணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோயம்புத்தூர்ப் பக்கம் செயற்கைப் பட்டு நூல் செய்யும் ஆலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் வேலை. மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக்கும் நூல் அது. பார்க்கப் பட்டு மாதிரி மினுங்கும், ஆனால் நனைந்தால் பாதி பலம் போய்விடும். அதைக் கொஞ்சம் சரிசெய்து அந்த வருஷம் புதிய ரகம் ஒன்றை இறக்கியிருந்தோம். பொட்டலத்தின் மேல் 'பருத்தியைப் போல் உறுதி' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த நூலில் நெய்த சேலைகள் முதல் சலவையிலேயே ஒரு முழம் குறைகின்றன என்று திண்டுக்கல் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நூலில் குறை இல்லை என்று தெரிந்துகொண்டு வா என்றார். குறை இருக்கிறதா என்று பார்த்து வா என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் இல்லை.

போத்தனூரில் காலை ஏழு பத்துக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, மூன்று ரூபாய் சொச்சம். பொள்ளாச்சி வரை பச்சை. உடுமலை தாண்டியதும் காய்ந்த சோளத்தட்டைதான். பழநியில் மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையுமாகப் பெட்டி நிறைந்தது. ஒட்டன்சத்திரத்தில் கத்தரிக்காய் மூட்டையோடு ஏறிய விவசாயி ஒருவர், எந்த ஊருங்க, என்ன சோலிங்க என்று விசாரித்தார். நூல் வேலை என்றேன். இந்த வருஷம் கிணறெல்லாம் வத்திப்போச்சுங்க என்று அவர் தன் கதைக்குப் போய்விட்டார். திண்டுக்கல்லில் இறங்கும்போது மணி ஒன்றே கால். ஸ்டேஷனுக்கு வெளியே தோல் ஊறும் வாடை காத்திருந்தது. இரண்டு ரூபாய் அறை எடுத்தேன். குளிக்க ஒரு வாளி தண்ணீர்தான் என்று சொல்லியே சாவியைக் கொடுத்தார்கள்.

கடைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டே இரண்டு சேலைகளை விரித்து, இரும்புக் கெஜக் கோலால் என் கண் முன்னால் அளந்தார். புதுச் சேலை ஆறு கெஜம். துவைத்தது ஐந்தரை. நெய்தவர் சின்னாளபட்டி ராமலிங்கம். அதுவரை பருத்தி மட்டுமே நெய்தவர்; இந்த நூலில் அவருக்கு அதுதான் முதல் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்). பன்னிரண்டு சேலைக்குப் பாவு கொடுத்தால் பதிமூன்று சேலை கொண்டுவந்தானாம். "மாயமா வந்துச்சா? ஒவ்வொண்ணுலயும் ஒரு முழம் திருடி ஒரு சேலைய ஒப்பேத்திருக்கான்" என்றார் கடைக்காரர். திருடியவன் திருடியதை உங்களிடமே ஏன் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் துவைத்த சேலையை மறுபடி அளக்கத் தொடங்கினார். அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தார். ஒரு மாதமாக ராமலிங்கத்துக்கு யாரும் நூல் கொடுப்பதில்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்கால் பஸ். ஏழு மைல், முப்பத்தைந்து பைசா. இடது பக்கம் சிறுமலை மேகத்துக்குள் கிடந்தது. சின்னாளபட்டியில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. ராமலிங்கத்தின் வாசலில் மட்டும் பாவு இல்லை. நாற்பது வயதிருக்கும். ஆலையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்றுதான் இருந்தாராம். எப்படிச் செய்தீர்கள் என்று செய்தே காட்டச் சொல்லி, நான் கொண்டுபோன நூல் சிட்டத்தைக் கொடுத்தேன்.

பருத்தி நனைந்தால் பலம் கூடும். அதனால் கஞ்சி ஈரத்தோடு எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக் கட்டுவார்கள், அப்போதுதான் இழை சீராக நிற்கும். பொட்டலத்தில் பருத்தி மாதிரி என்று போட்டிருந்ததால் இதையும் அப்படியே இழுத்தாராம். இழுக்க இழுக்க வந்தது. பாவு நீண்டுவிட்டதே, புது நூல் இவ்வளவு நல்ல நூலா என்று சந்தோஷப்பட்டு, கிடைத்த மிச்சத்தையும் நெய்து, சொல்லியே கடையில் கொடுத்திருக்கிறார்.

நான் அளவு நாடா வைத்து அளந்தேன். காய்ந்தபோது பத்தடி. நனைத்து இழுத்ததும் கிட்டத்தட்ட பதினோரு அடி. அப்படியே காயவிட்டோம், பதினோரு அடியாகவே நின்றது. ஒரு துண்டைத் திரும்பத் தண்ணீரில் போட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கியது. திருட்டுப்போனதாகச் சொன்ன முழம் அங்கே என் கையில் இருந்தது. சோதனைக் கூடத்தில் நாங்களும் நனைத்து இழுப்போம், ஆனால் அறுகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். நீள்கிறதா, நீண்டது திரும்புகிறதா என்று ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ராமலிங்கம் சுருங்கிய துண்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங் கையில தப்பா சார்? நெசத்தச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றார்.

கோயம்புத்தூர் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மனைவி கொடுத்த காபியையும் குடித்துவிட்டு, ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தேன். அந்தக் காபியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆலைக்குத் திரும்பி, நடந்ததை மேலாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'நூலைக் கையாண்ட முறை தவறு' என்று ஒரு வரி எழுதச் சொன்னார். பொய் என்றும் சொல்ல முடியாத வரி. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதம் திண்டுக்கல் கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது; ராமலிங்கம் திருடவில்லை என்று அதில் இல்லை. அடுத்த மாதம் பொட்டலத்தில் 'பருத்தியைப் போல்' என்ற வாசகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது அகலப் பாதை. ரயில் நேரங்களைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் இருந்து சின்னாளபட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு என்று என் மருமகன் சொல்கிறான். தெருவில் பாவு இப்போதும் விரிக்கிறார்களா என்று தெரியாது; விரித்தால் விடியலில்தான் இருக்கும். செயற்கைப் பட்டுச் சேலை வாங்கினால் சுருங்குவதற்கும் சேர்த்து நீளம் விட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாவது முறை போனதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருஷம் அந்த நூலோடுதான் மல்லுக்கட்டினேன். ஜப்பானில் வேறு வழி கண்டிருந்தார்கள். கூழை அதிகம் பழுக்கவிடாமல், தொட்டியில் இருக்கும் அமிலத்தின் வீரியத்தைக் குறைத்து, இழை மெதுவாக உறையும்போதே நன்றாக இழுத்துவிட வேண்டும். இழுக்க வேண்டியதை ஆலைக்குள்ளேயே இழுத்துவிட்டால் தெருவில் நீளாது. 1968இல் எங்களுக்கும் அது கைகூடியது. முதல் நூல் கட்டை எடுத்துக்கொண்டு நேராக ராமலிங்கத்திடம் போனேன். பெரிய பரிகாரம் செய்வதாக நினைப்பு.

அவர் யாருக்கோ கூலிக்குத் துண்டு நெய்துகொண்டிருந்தார். நூலை நனைத்துக் கொடுத்து, முடிந்த மட்டும் இழுங்கள் என்றேன். கையை எடுத்துக்கொண்டார். ஆலைக் கடிதம் வந்ததிலிருந்து ஈரமான பாவு நூலை அவர் இழுத்துக் கட்டுவதே இல்லையாம். அவருடைய துணி தொளதொளவென்று வருகிறது என்று கூலியிலும் பிடிக்கிறார்களாம். "வேணாம் சார். எங் கை அளவு தப்புன கை" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். தப்பு உங்கள் கையில் இல்லை, நூலில்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மிதியில் இருந்து காலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே தெரியுமா சார்?"

"தெரியும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கடக்காரரு போன தையிலயே போய்ச் சேந்துட்டாரு. நான் திருடலன்னு இனி யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்றார்.

பிறகு நூல் கட்டைத் துடைத்து என் பையிலேயே வைத்துக் கொடுத்தார். அந்தப் பாதையில் எத்தனையோ முறை ரயிலில் போயிருக்கிறேன். திண்டுக்கல்லில் இறங்கியதில்லை.