வாய்விட்டு அழாத இரண்டு பெண்கள்

நெவ்யானா ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவள் அம்மா கினாவுக்கு விளங்காமல் போனது ஒரே ஒரு விஷயம்தான்.

"ரெண்டு நாவலை ஒப்பிடுறேங்கிற. சரி. கடைசியில எது ஒசத்தின்னு சொல்லுவியா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டோம்மா."

"அப்ப எதுக்குடி ஒப்பிடுறது? சந்தையில ரெண்டு மிளகாயை ஒப்பிட்டா நான் ஒண்ணையாவது பையில போட்டுக்கிட்டு வருவேன்."

கினா பல்கேரியாவில் வ்ராட்ஸா ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். புருஷன் அங்கேயே டிரைவராக இருந்தான். நெவ்யானா சோபியாவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டான். சேதி வந்தபோது கினா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸ் சூப்பை இறக்கி மூடி போட்டாள், அவ்வளவுதான். கல்லறையிலும் அவள் கண் கலங்கவில்லை. கல் நெஞ்சுக்காரி என்றது ஊர். நெவ்யானாவும் மனதுக்குள் அதையேதான் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

அந்த வருடம்தான் விடுதியில் இரண்டு பழைய நாவல்கள், மொழிபெயர்ப்பில், அவள் கையில் சிக்கின. ஒன்றை எழுதியவர் ஹங்கேரிக்காரர், மற்றதை எழுதியவள் பின்லாந்துக்காரி. இரண்டிலும் புருஷன் சாகிறான். இரண்டிலும் பெண்டாட்டி வாய் திறப்பதில்லை. ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து மடித்து வைக்கிறாள். இன்னொருத்தி மேசையைத் துடைக்கிறாள். நெவ்யானா இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் படித்தாள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், இரண்டு மூலையில் உட்கார்ந்து, அவள் அம்மாவை எப்படி எழுதினார்கள்? இதற்கு விடை தெரிந்தால் போதும், கினா அப்பாவை நேசித்தாள் என்று நம்பிவிடலாம். ஆய்வேட்டின் தலைப்பில் இதெல்லாம் இல்லை. 'இரு நாவல்களில் மௌனம்' என்று கண்ணியமாக எழுதிக் கொடுத்தாள்.

மூல மொழியில் படிக்காமல் ஒப்பிலக்கியத்தில் பட்டம் கிடையாது. முதலில் ஹங்கேரிய மொழியைக் கற்றாள், குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. மூலத்தில் அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்குக் கதறுகிறாள். புருஷனைத் திட்டுகிறாள், குதிரையைத் திட்டுகிறாள், கடவுளையும் விடவில்லை. தலைத்துணியின் வாடையே இல்லை. தன் படிப்பு அரைகுறை என்று நெவ்யானா தன்னையே நொந்துகொண்டாள். மொழி படிந்தால் அவள் அடங்குவாள் என்று பார்த்தால், மொழி படியப் படிய அவள் கத்தல்தான் கூடியது. பிறகு பின்லாந்துக்குப் போய் ஒரு பருவம் இருந்து அந்த மொழியையும் கற்றாள். அங்கேயும் அதே கதை. பிணத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கி, அக்கம்பக்கம் கூடும்வரை அலறுகிறாள் ஒருத்தி. யாரும் எந்த மேசையையும் துடைக்கவில்லை.

நெவ்யானாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. இரண்டு நாவலையும் பல்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தவர் ஸ்லாத்கா டிகோவா. அது நெவ்யானாவுக்குத் தெரியாததா? 'நம்பகமான ஒரே கை' என்று ஆய்வேட்டின் முன்னுரையில் நன்றிகூடச் சொல்லியிருந்தாள். படித்தவர்கள் இப்படித்தான், கண்ணெதிரே கிடப்பதற்கு நன்றி சொல்லிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நெவ்யானா தேடிப் போனபோது ஸ்லாத்காவுக்கு எண்பது தாண்டியிருந்தது. ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். விருந்தினருக்கு வைக்கும் வழக்கப்படி செர்ரி ஜாமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

"அவ கதறலை நானா வெட்டினேன்? இருக்கவே இருக்காது. நீ ஏதோ தப்பான பதிப்பு வாங்கிட்டு வந்திருக்கே."

"ரெண்டுமேவா ஸ்லாத்காம்மா?"

"அவ துணியை மடிச்சு வச்சா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நெவ்யானா ஹங்கேரியப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள். ஸ்லாத்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இப்படியா கத்துறா இவ?" குரல் இறங்கிவிட்டது. "என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம்தான் ரெண்டையும் மொழிபெயர்த்தேன். இந்தக் கட்டடத்துல சுவர் மெல்லிசும்மா. தும்மினாக் கூட கீழ் வீட்டுக்குக் கேக்கும். நான் எங்க போய்க் கத்துறது?"

பிறகு ஜாமைச் சாப்பிடச் சொன்னார்.

நெறியாளர் கிந்தேவ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆக, இவ்வளவு நாளா ஸ்லாத்காவை ஸ்லாத்காவோட ஒப்பிட்டிருக்கே!" பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதோ பாரும்மா. வைவா குழுவுல ஒருத்தருக்கும் பின்னிஷ் வராது. ஹங்கேரியன் தெரிஞ்சவர் எதையும் படிக்கிறதில்ல. மூச்சு விடாதே. பட்டத்தை வாங்கிட்டு அப்புறமா இதையே ஒரு கட்டுரையா எழுதிடு."

நல்ல யோசனைதான். டிராமில் திரும்பும்போது நெவ்யானா அதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள். பொய் சொல்லிப் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் பொய்ச் சாட்சியை வைத்துக்கொண்டு அம்மாவை எப்படி நம்புவது? அந்த இரண்டு பெண்களும் கைவிட்ட பிறகு, உலகத்திலேயே அழாதவள் கினா ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. டிராமை விட்டு இறங்கியதும் கினாவுக்குப் போன் போட்டாள்.

"யாருடி, டாக்டரம்மாவா? உங்க துறை மொத்தத்துக்கும் பனீட்ஸா சுடப்போறேன். சீஸுக்கு எல்லாம் சொல்லியாச்சு. வைவா முடிஞ்சா விருந்து வைக்கணுமாமே. நம்ம டிரைவர் பசங்களும் வர்றாங்க."

"வேண்டாம்மா. வைவா இல்ல. நானே நிறுத்தப்போறேன்."

"என்னடி உளர்றே?"

"அது புருஷன் செத்தப்ப அழாத ரெண்டு பொம்பளைங்களைப் பத்தின ஆராய்ச்சிம்மா. அவங்க அழுதிருக்காங்க. கத்திக் கதறியிருக்காங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. மௌனத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவைத்திருந்தவளுக்கு இது கோபமா, லைன் துண்டிப்பா என்றுகூடத் தெரியவில்லை. "ஹலோ?" என்றாள்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. பஸ் பிரேக் போடுகிறது என்று முதலில் நினைத்தாள். கினா அலறிக்கொண்டிருந்தாள்.

"சூப்புல உப்பு இல்லன்னு சொல்லிட்டுக் கிளம்பினான்டி உங்கப்பன்! போய்த் தொலைன்னு நான் சொன்னேன். அதான் கடைசியாச் சொன்னது. அப்புறம் எந்த வாயால அழுவேன்?"

அப்பாவுக்காக அழுகிறாளா, பட்டத்துக்காகவா, அந்த இரண்டு பெண்களுக்காகவா என்று நெவ்யானாவுக்குத் தெரியவில்லை. கவுண்டரில் யாரோ பக்கத்து ஊரான மோன்டானாவுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். கினா அழுதுகொண்டே நேரம் சொன்னாள், டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள், மறுபடி அழுதாள்.

நெவ்யானா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.